வியாழக்கிழமை வா, லிஜின்!

செல்போன் அலறியபோது சிவப்ரியா தோசைக்கல்லில் இரண்டாவது தோசையை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காலை ஆறு ஐம்பது.

திரையில் முத்துக்கனியின் பெயர். மையத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மாள். ஏழு மணிக்கு முன்னால் அவளிடமிருந்து போன் வந்தால் ஒன்று குழாயில் தண்ணீர் வரவில்லை, இல்லையென்றால் சாவியைக் காணவில்லை.

இன்றைக்கு இரண்டும் இல்லை.

"மக்கா, வெரசா வா. நம்ம சென்டர் வராந்தாவுல ஒரு ஆளு சொவரப் பாத்துச் சுருண்டு கெடக்கான். தட்டித் தட்டி எழுப்பிப் பாத்துட்டேன்... எந்திக்க மாட்டேங்கான். ஒடம்பு ஐஸா கெடக்கு."

"தொடாதீங்க. நான் வாறேன்," என்றாள் சிவப்ரியா.

போனை வைத்தாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். அப்பா தாணப்பனுக்குத் தட்டில் வைத்து, சட்னி ஊற்றி மூடினாள். அப்புறம்தான் ஸ்கூட்டி சாவியைத் தேடினாள்.

இந்த இடத்தில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். இப்படி ஒரு போன் வந்தால் நீங்களும் நானும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

'யாரு அது?'

சிவப்ரியா கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை!

* * *

மையம் என்றதும் பெரிய ஆஸ்பத்திரியாக நினைத்துவிட வேண்டாம்.

நாகர்கோவிலில் ஓர் அரிசி மண்டிக்குப் பின்புறம் ஓட்டு வராந்தாவும் இரண்டு அறைகளும். வலி மாத்திரையில் ஆரம்பித்து ஊசியில் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு மாற்று மருந்து கொடுக்கிற இடம். படுக்கை கிடையாது. தினமும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் வர வேண்டும். ஜன்னலில் நின்று வாயைத் திறந்தால், மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார்கள். பத்து நிமிடம் பெஞ்சில் வாயை மூடி உட்கார வேண்டும். மறுபடி வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும்.

அந்தப் பொடி உள்ளே போய்விட்டால் ஊசியைத் தேடி ஓடுகிற வெறி அன்றைக்கு அடங்கிக் கிடக்கும். மனுஷன் வேலைக்குப் போகலாம். வீட்டில் உட்கார்ந்து சோறு தின்னலாம்.

பன்னிரண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு வந்தால் நாளைக்குத்தான். ஞாயிறும் வர வேண்டும், பண்டிகைக்கும் வர வேண்டும், பஸ் ஓடாத நாளிலும் வர வேண்டும். டாக்டர் ஒருவர் மூன்று ஊருக்குப் பொது. இங்கே வியாழக்கிழமை மட்டும் வருவார்.

ஜன்னலுக்குப் பின்னால் ஸ்பூனோடு உட்கார்ந்திருப்பவள் சிவப்ரியா. பார்மசிஸ்ட். முப்பத்தோரு வயது. ஒரு நாள்கூட லேட்டாக வந்ததில்லை என்று அவளுக்கு நல்ல பெயர்.

அன்றைக்கும் ஏழு இருபதுக்கெல்லாம் வந்துவிட்டாள்.

வராந்தாவில் செருப்பைத் தலைக்கு வைத்துச் சுருண்டு கிடந்தான் லிஜின். இனயத்துக்காரன். கடல் தொழில். இருபத்தேழு வயது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சிரிஞ்சு. நேற்று சாயங்காலமே உயிர் போயிருக்க வேண்டும்.

"பாவிப் பய... சோலிய முடிச்சிட்டானே. எட்டு மாசமா எவ்வளவு ஒழுங்கா வந்துட்டு இருந்தான்," என்று முத்துக்கனி மூக்கைச் சிந்தினாள்.

சிவப்ரியா போலீசுக்குப் போன் செய்தாள். வண்டி வழி தெரியாமல் மண்டிப் பக்கம் போய்விடும் என்று முத்துக்கனியைத் தெருமுனைக்கு அனுப்பினாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனாள்.

அலமாரியில் லிஜினின் பைல். நேற்றைய தேதிக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து எழுதினாள்.

'இடைவெளிக்குப் பின் பழைய அளவைப் பயன்படுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்லப்பட்டது.'

நேற்று சொல்லாத வரி. இன்றைக்கு எழுதியாகிவிட்டது.

மை காய்கிற வரை ஊதிவிட்டு பைலை மூடினாள்.

* * *

கொலைகாரி என்றால் கத்தி எடுத்திருப்பாள், விஷம் கலந்திருப்பாள் என்று எதிர்பார்க்கிற வாசகர்களுக்கு ஏமாற்றம்தான்.

அவள் லிஜினைத் தொடக்கூட இல்லை. விதியைக் கடைப்பிடித்தாள். அவ்வளவுதான்!

கதை ஒரு சர்டிபிகேட்டில் ஆரம்பிக்கிறது.

நம் பக்கத்தில் மெடிக்கல் கடை வைக்கப் பணம் இருக்கிறவனிடம் படிப்பு இருக்காது. படிப்பு இருக்கிறவளிடம் வேலை இருக்காது. அதனால் சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுவார்கள். கடை ஒருவனுடையது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிற பெயரும் போட்டோவும் வேறொருத்தியுடையது. யாரும் இதைக் குற்றமாக நினைப்பதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் சிவப்ரியாவும் அப்படித்தான் விட்டாள். அஞ்சுகிராமத்தில் முருகதாஸ் என்பவனின் கடைக்கு. லைசென்ஸ் அவள் பெயரில். கூடவே ஒரு கட்டு வெற்று ஆர்டர் பாரங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒங்களை அலைக்கழிக்க வேண்டாமே என்று முருகதாஸ் அத்தனை மரியாதையாகச் சொன்னான்.

அந்தப் பாரங்களில்தான் அவன் ஊசி மருந்தைப் பெட்டி பெட்டியாக வரவழைத்துப் பின்வாசலில் விற்றான்.

அவளுக்கு அது தெரிந்தபோது இந்த மையத்தில் வேலை கிடைத்திருந்தது. சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்டாள். அடுத்த மாதம் என்றான். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னான். தன் பெயரில் விற்ற சரக்கால் கெட்டவர்களுக்குத் தன் கையாலேயே மருந்து போட்டுக்கொண்டு, அவள் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை. லிஜின் ஜன்னலில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"எக்கா, போலீஸ்காரங்க கேக்காவ. நான் எல்லாத்தையும் சொல்லப் போறேன். எந்தக் கடை, எந்த ஆளு... எல்லாம். கடலுக்குப் போயிட்டு வந்த பொறவு ஜட்ஜு முன்னால சொல்லணுமாம். அந்த அஞ்சுகிராமத்துக் கடையிலயாக்கும் நான் வாங்குனது. சொவத்துல ஒங்க படம் தொங்குது, எக்கா. நான் பாத்திருக்கேன்..."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

திறந்த வாயில் சிவப்ரியா பொடியைப் போட்டுவிட்டாள்.

இனி பத்து நிமிடம் பேசக் கூடாது. லிஜின் விதிக்குக் கட்டுப்பட்ட நோயாளி. வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பத்து நிமிடம் கழிவதற்குள் அவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். வாய் பார்த்து அனுப்புவதற்கு முத்துக்கனியை நிறுத்திவிட்டாள்.

உள்ளறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோர்ட்டு... ஜெயில்... பேப்பரில் போட்டோ... அப்பா தாணப்பன் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிற மனுஷன். தூக்கில் தொங்கிவிடுவார்.

லிஜின் சாட்சிக் கூண்டில் ஏறக் கூடாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

* * *

வழியை லிஜினே கொண்டுவந்தான்.

ஆழ்கடல் போட்டில் இருபது நாள் போக வேண்டும். அதுவரைக்கும் மருந்தைக் கையில் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டான். முடியும். விதியில் இடம் உண்டு. வீட்டிலிருந்து ஓர் ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால், டாக்டர் சம்மதித்துக் கொடுப்பார்.

சிவப்ரியா அம்மாவைக் கூட்டிவரச் சொன்னாள். அம்மா மீன் விற்கிற வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். ஆதார் அட்டை எங்கே என்றாள் சிவப்ரியா. அதை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் வந்தபோது, ஆதாரில் மகன் பெயருக்கும் ரேஷன் கார்டில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து இடிக்கிறதே என்றாள். அதைச் சரி செய்துகொண்டு வந்தார்கள். போட்டுக்காரரின் கடிதம் கேட்டாள். கடிதம் வந்தது. கடிதத்தில் முத்திரை இல்லை. போட்டுக்காரரிடம் முத்திரையே கிடையாது. அப்படியானால் சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் வாங்கி வா என்றாள். ஊரில் யாருக்கும் தெரியாமல் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சாமியாரிடம் போய்த் தலையைக் குனிந்து நின்று வாங்கி வந்தான்.

எல்லாம் சேர்ந்தபோது கிழமை செவ்வாய். டாக்டர் வியாழன். போட்டு புதன்.

போகாவிட்டால் போட்டில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். லிஜின் மருந்தில்லாமல் கடலுக்குப் போனான்.

இவ்வளவிலும் அவள் விதியை மீறவில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் விதிப்படிதான் கேட்டாள். ஒரே தடவையில் கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை!

அவளுக்குத் தெரிந்த ஒன்று லிஜினுக்குத் தெரியாது. இருபது நாள் எதுவுமே இல்லாமல் கிடக்கிற உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடும். கை மறக்காது. கை பழைய அளவையே எடுக்கும். உடம்பு அதைத் தாங்காது. மூச்சு விடுவதையே மறந்துவிடும்.

அதனால்தான் இடைவெளிவிட்டு வருகிறவனிடம் முதல் காரியமாக இதைச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். லிஜினுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்காலுக்கு அவன் வந்தான்.

"எக்கா... வந்துட்டேன்."

ஆள் பாதியாகிப் போயிருந்தான். மணிக்கட்டில் கயிற்றுத் தடம்.

"மொதலு நாலு நாளு செத்துப் பொழச்சேன். கடல்ல சாடிருவேன்னு கெட்டிப் போட்டானுவ. பொறவு சரியாயிட்டு. இருவது நாளாவுது எக்கா, ஒண்ணும் தொடல."

"நல்லதுதானே. பிறகென்ன?"

"கடல்ல கெடைக்காது, அதனால தொடல. கரையில கால வச்ச நேரத்துல இருந்து மண்டைக்குள்ள அதுதான் ஓடுது. வீட்டுக்குக்கூடப் போவல. நேரா இஞ்சதான் வாறேன். இன்னைக்கு மருந்தப் போட்டுட்டியன்னா தப்பிச்சுக்கிடுவேன்."

சிவப்ரியா கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"ரெண்டு வாரத்துக்கு மேல வரலைன்னா பைலை மூடிருவாங்க லிஜின். புதுசா பதியணும். டாக்டர் பாக்கணும்."

"அவிய எப்ப வருவாவ?"

"வியாழக்கிழமை."

"ரெண்டு நாளா..." லிஜின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு என் மேல நம்பிக்கையில்ல எக்கா. ரெண்டு நாளும் இந்த வராந்தாவுலயே இருந்துக்கிடட்டா?"

"அதுக்கு அனுமதியில்ல. வியாழக்கிழமை வா, லிஜின்."

டாக்டரின் போன் நம்பர் அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. அவசரம் என்றால் போனில் கேட்டுவிட்டு மருந்து போடலாம். அதற்கும் விதியில் இடம் இருந்தது.

அவள் போனைத் தொடவில்லை. சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியையும் சொல்லவில்லை.

லிஜின் பஸ் ஏறினான். எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும்.

* * *

சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமணி எட்டு மணிக்கு வந்தார். ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம் இருக்கிற மனுஷன். எதைப் படித்தாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பார்.

சடலத்தைச் சுற்றி வந்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ஏட்டைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து பைலைக் கேட்டார்.

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, கடைசி வரியில் நின்றது.

"நேத்து அவன்கிட்ட இதச் சொன்னியளா?"

"சொன்னேன் சார். கேக்கிற மனசு அவனுக்கு இல்ல."

"இதுக்குக் கீழ நோயாளி ஒப்பம்னு ஒரு எடம் கெடக்கு. அது காலியா இருக்கே?"

"போடச் சொல்றதுக்குள்ள போயிட்டான்."

கிருஷ்ணமணி பைலின் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தார். மருந்து கொடுக்காததற்கு விதி எண். மறுபதிவுக்கு விதி எண். எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா," என்றார். "இவ்வளவு சரியா இருந்தா எனக்குக் கொஞ்சம் வயித்தக் கலக்கும். சர்வீஸ் அப்பிடி."

அவர் முத்துக்கனியிடம் நேற்று வேறு யார் இருந்தது என்று விசாரித்தார். லிஜினுக்குப் பின்னால் அந்த ரப்பர் வெட்டுகவன் நின்றான் என்று அவள் கள்ளமில்லாமல் சொல்லிவிட்டாள்.

சிவப்ரியாவுக்கு முதல் தடவையாக நெஞ்சு அடித்துக்கொண்டது.

அனில்குமார்! அவள் மறந்தே போயிருந்தாள்.

* * *

சடலத்தை ஏற்றிக்கொண்டு போன வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் வராந்தாவில் வரிசை கூடிவிட்டது. முத்துக்கனி அந்த இடத்தைக் கழுவிவிட்டாள். ஈரம் காயவில்லை. ஒருவரும் செத்தவனைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கு ஜன்னல் திறக்குமா என்பது மட்டும்தான் கேள்வி.

திறந்தது. சிவப்ரியா வழக்கம் போல மருந்து போட்டாள்.

அனில்குமார் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தான். குலசேகரத்தில் விடியுமுன்பே ரப்பர் மரப் பட்டையை வெட்ட ஆரம்பித்து, பால் எடுத்து ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து வருகிறவன். தோட்டச் சரிவில் உருண்டு விழுந்து முதுகு போனதில் வலி மாத்திரையில் மாட்டியவன். சட்டையில் ரப்பர் பால் நாற்றம். எட்டு நிமிடம் மிச்சம்.

ஜன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கிருஷ்ணமணி.

"நேத்து லிஜினுக்குப் பின்னால நீதான நின்னே?"

"ஆமா சாரே."

"மேடம் அவன்கிட்ட என்ன சொன்னாவ?"

அனில்குமார் நிமிர்ந்து பார்த்தான்.

ஜன்னலுக்கு உள்ளே சிவப்ரியா. கையில் ஸ்பூன். ஸ்பூனில் அவனுடைய பொடி. அவள் மிரட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

அவன் நேற்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டவன். லிஜின் கெஞ்சியதும் கேட்டது, இவள் சொன்னதும் கேட்டது, சொல்லாமல் விட்டதும் தெரியும். ஆனால் நாளைக்கும் இந்த ஜன்னலில்தான் வாயைத் திறக்க வேண்டும். நாளை மறுநாளும். அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் ஆதாரிலும் ஏதாவது எழுத்து இடிக்கலாம்.

"பழைய அளவத் தொடாத, செத்துருவேன்னு... சொன்னாவ சாரே."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"சத்தியமா?"

அனில்குமார் பதில் சொல்வதற்குப் பதிலாக ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்தான். சிவப்ரியா பொடியை நாக்குக்கு அடியில் போட்டாள். வழக்கத்தைவிடப் பொறுமையாக, ஒரு துகள் சிந்தாமல் போட்டாள்.

அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாயைத் திறக்க முடியாது.

கிருஷ்ணமணி எழுந்து போய்விட்டார்.

ஒரு மணிக்கு லிஜினின் அம்மா வந்தாள். பிணவறையிலிருந்து நேராக வந்திருந்தாள். மீன் கூடைக்காரியின் தடித்த கைகளால் சிவப்ரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டு மாதம் என் மகனை மனுஷனாக வைத்திருந்த கை இது என்று சொல்லி, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சிவப்ரியா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தாள். பிறகு உட்கார்ந்து, கொண்டுவந்த புளிசாதத்தை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

முடிந்தது. செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். உயிரோடு இருக்கிற சாட்சி அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டான். ஆறு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

* * *

நாலு மணி.

கிருஷ்ணமணி மறுபடி வந்தார். கூடவே ஒரு பெண் போலீஸ். அஞ்சு என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அஞ்சுகிராமத்துல முருகதாஸுன்னு ஒருத்தன் மெடிக்கல் வச்சிருக்கான். தெரியும்தானேம்மா?"

சிவப்ரியா மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடினாள்.

"லிஜின் பாக்கெட்டுல அஞ்சுகிராமம் போயிட்டு வந்த டிக்கெட். சாட்சி போயிட்டான், சரக்காவது கையில சிக்கட்டும்னு ரெய்டு விட்டேன். பின்னறையில பெட்டி பெட்டியா கெடக்கு. முருகதாஸு ஓடல. சிரிச்சிட்டு நிக்கான். நான் சம்பளத்துக்கு நிக்கவன் சாரே, லைசென்ஸப் பாருங்க, ஆர்டர் பாரத்தப் பாருங்க, எல்லாம் சிவப்ரியா மேடமாக்கும்ங்கான்."

"சார்... வாடகைக்குத்தான் குடுத்தேன். சர்டிபிகேட் மட்டும்தான். வெத்துப் பாரத்துல கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. ஆனா ஒரு ஊசி மருந்து நான் வித்தது இல்ல சார். அந்தக் கடைப் படி ஏறினது கிடையாது."

"தெரியும்," என்றார் கிருஷ்ணமணி.

சிவப்ரியா நிமிர்ந்தாள்.

"தெரியுமா?"

"லிஜின் சொன்னான்."



கிருஷ்ணமணி நிதானமாகச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் லிஜின் அவரிடம் வந்து பேசியிருக்கிறான். மூன்று வருஷம் அந்தக் கடைப் பின்வாசலில் நின்றவன் அவன். முருகதாஸ் அந்த வெற்றுப் பாரங்களை எடுத்துத் தானே நிரப்புவதை நேரில் பார்த்திருக்கிறான். படித்த பிள்ளை ஒருத்தி கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறாள், மாட்டினால் அவள்தான் மாட்டுவாள் என்று முருகதாஸ் சிரித்ததையும் காதால் கேட்டிருக்கிறான்.

"ஒரே ஒரு நிபந்தனதான் போட்டான். 'சாரே, அந்த அக்கா ஒண்ணும் அறியாதவ. அவிய பேரு வரக் கூடாது. ஜட்ஜு முன்னால மொதல்ல நான் அதச் சொல்லிட்டுத்தான் பாக்கிய சொல்லுவேன்'னான். வாற வெள்ளிக்கிழமை அவன் கூண்டுல ஏறியிருந்தா, முருகதாஸு உள்ள போயிருப்பான். நீங்க வெளிய இருந்துருப்பிய."

சிவப்ரியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதி வாங்கலியா சார்?"

"இல்ல. வாயால சொன்னதுதான். அது அவன்கூடப் போச்சு."

"நீங்க சொல்லுங்க சார். நீங்க கேட்டீங்கதானே? நான் நிரபராதின்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"நான் நம்புகேன்மா. என் நம்பிக்கைய கோர்ட்டு வாங்காது. பாரத்துல உள்ளது ஒங்க கையெழுத்து. லைசென்சுல உள்ளது ஒங்க படம். இல்லன்னு சொல்ல ஒலகத்துலயே ஒரு ஆளுதான் இருந்தான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவைப் பார்த்தார். கழுவிய இடம் இப்போது காய்ந்திருந்தது.

"மூணு நாளு அவன உசுரோட வச்சிருந்தா போதும். அதுக்கு மருந்து ஒங்க கையிலதான் இருந்துது."

சிவப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் செய்த கொலை எந்த ஏட்டிலும் ஏறாது. அதற்குச் சாட்சியே இல்லாமல் அவளே பார்த்துக்கொண்டாள். அவள் செய்யாத வியாபாரத்துக்குப் பத்து வருஷ ஜெயில் காத்திருந்தது. அதற்கு இருந்த ஒரே சாட்சியையும் அவளேதான் அனுப்பிவைத்தாள்.

அஞ்சு வந்து தோளில் கை வைத்தாள்.

சிவப்ரியா கண்ணைத் துடைத்தாள். அப்பா வீட்டில் தனியாக இருப்பார் என்றாள். காலையில் வைத்த தோசைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்றாள்.

"இப்ப வீட்டுக்குப் போயிட்டு, நாளைக்குக் காலத்த ஒன்பது மணிக்கு டாண்ணு ஸ்டேஷனுக்கு வந்துருகேன் சார். தினமும் வேணும்னாலும் வந்து ஒப்பம் போட்டுட்டுப் போறேன்."

கிருஷ்ணமணி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எங்ககிட்ட ஓ.பி. கிடையாதும்மா. நேரா அட்மிஷன்தான்."